கிராபிக்ஸ் கார்டு கொதித்தால்: திருப்புளியை எடுக்குமுன் அறிய வேண்டியவை

பெங்களூரு மர்பி டவுன் சந்தையை ஒட்டிய குறுகிய தெருக்களில், மாடிமேல் மாடியாக எழும்பிய வீடுகளின் உச்சியில் சிமெண்டு ஷீட் வேய்ந்த ஒற்றை அறைகளில், இரவெல்லாம் கணினி விளையாட்டில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மார்ச்சு மாதம் பிறந்தவுடன் ஒரே விதமான கஷ்டம் வந்து சேருகிறது. படம் திக்கித் திணறுகிறது. பெட்டிக்குள் விசிறி பேரிரைச்சல் இடுகிறது. ஒரு கட்டத்தில் திரை இருண்டுபோகிறது. கிராபிக்ஸ் கார்டு சூடாகிவிட்டது என்ற அனுமானம் அதுவரை சரியே. அதன்பின் அவர்கள் செய்பவற்றில்தான் வரிசைப் பிசகு நேர்கிறது. அந்தப் பிசகைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருவதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

யாரோ வெளியிட்ட வீடியோவைப் பார்த்து, கார்டின் முதுகிலுள்ள திருகாணிகளைக் கழற்றி, அவற்றுள் ஒன்றின் தலைமேல் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கரையும் கிழித்து, உள்ளிருக்கும், வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுகிறார்கள். சூடு குறைவதில்லை. கார்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கணினிக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோடுக்குப் போகிறார்கள். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பாராமல், “இது போச்சு தம்பி, புதுசு போட்டுடு” என்கிறார். வீட்டில் சீட்டுப் பணம் எடுக்கப்படுகிறது. அல்லது தாயாரின் வளையல் அடகுக்குப் போகிறது. “பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் சேரும்” என்று கடையில் சொன்ன மாத்திரத்தில், பில்லே வேண்டாமென்று புதுக் கார்டை வாங்கி வந்து, அதே காற்றுப் புகாத பெட்டியில், அதே ஷீட் அறையில் பொருத்துகிறார்கள். அதுவும் கொதிக்கிறது. பழைய கார்டின் அட்டைப்பெட்டியை வீட்டிலுள்ள யாராவது எடுத்துப் புரட்டும்போதுதான், அதன் வாரண்டி முடிய இன்னும் பல மாதங்கள் மிச்சமிருந்த செய்தி வெளிப்படுகிறது.

முதலில் அளவு, அடுத்துக் காகிதம், அதன்பின் திருப்புளி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பணம் என்பதே கிரமம். நம்மவர்கள் திருப்புளியில் தொடங்கிப் பணத்துக்குத் தாவுகிறார்கள். அளவும் காகிதமும் ஒருநாளும் இடம்பெறுவதில்லை.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு சூடாவது அதன் இயல்பு. சூடு என்பது மாத்திரமே பழுது ஆகாது. என்விடியா நிறுவனம் தன் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டுக்கு அதிகபட்ச உஷ்ணமாக 93 டிகிரியையும், 4090-க்கு 90 டிகிரியையும் அறிவித்திருக்கிறது. ஏ.எம்.டி. நிறுவனமோ, சிப்பின் மிகச் சூடான புள்ளி 110 டிகிரி வரை எட்டுவது எதிர்பார்த்ததே என்று 2019-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. ஆகவே கேமிங்கின்போது 75 அல்லது 80 டிகிரி என்று திரையில் கண்டவுடன் கார்டு செத்துவிட்டதாக அலறுவது அறியாமை. எல்லையை நெருங்கும்போது கார்டு தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் திக்குவது அதனால்தான். அப்படியும் உஷ்ணம் அடங்காவிட்டால் அது தன்னை நிறுத்திக்கொள்ளும். திரை இருள்வது அதனால். இவ்விரண்டும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகளே.

அளப்பதற்குப் பணம் வேண்டாம். எச்.டபிள்யூ.இன்ஃபோ, ஜி.பி.யு-இசட் போன்ற இலவச மென்பொருள்களுள் ஒன்றை இறக்கிக்கொண்டு, வழக்கமாக ஆடும் விளையாட்டையே அரைமணி நேரம் ஆடி, நான்கு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: சிப்பின் சராசரி உஷ்ணம், ‘ஹாட் ஸ்பாட்’ எனப்படும் மிகச் சூடான புள்ளியின் உஷ்ணம், விசிறியின் சுழற்சி, சிப்பின் வேகம். அறையின் உஷ்ணத்தையும் சுவரில் மாட்டும் சாதாரண மானி ஒன்றால் அளந்து பக்கத்திலேயே எழுதிவைப்பது அவசியம். அறையில் 24 டிகிரி இருக்கும்போது 74 காட்டிய கார்டு, 34 டிகிரி கொதிக்கும் ஷீட் அறையில் ஏறத்தாழ 84 காட்டத்தான் செய்யும். அந்தப் பத்து டிகிரி கூரையின் குற்றம், கார்டின் மேல் பழி சொல்வதில் நியாயமில்லை. பெங்களூரு கடல்மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அது சுமந்து செல்லும் வெப்பம் அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் நம் ஊர்க்காரர்கள் மனத்தில் கொள்ளலாம்.

இனி ஒரு சோதனை. கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே விளையாட்டை அதே அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். உஷ்ணம் எட்டு, பத்து டிகிரி என்று சரிந்தால், பழுது கார்டில் இல்லை. மேஜைக்கு அடியில் மரத்தடுப்புக்குள் சுவரோடு சுவராகப் பெட்டியைத் திணித்து வைத்ததில் இருக்கிறது. இதற்கு மாற்று, பெட்டியை வெளியே இழுத்து வைப்பதும், முன்னே ஒன்று பின்னே ஒன்று என விசிறி பொருத்துவதுமே. மூடியைக் கழற்றியும் எண்கள் அசையவில்லையானால், சராசரி உஷ்ணத்துக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அது பத்து, பதினைந்து டிகிரி இருப்பது சகஜம். இருபத்தைந்தைத் தாண்டினால், சிப்புக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே பேஸ்ட் உலர்ந்து தொடர்பு கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். விசிறி சுழலவே இல்லையென்றாலோ, கரகரவென்று உராய்ந்தாலோ காரணம் வெளிப்படை. திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் சதுரங்களும் சிதறினால் பழுது உள்ளுறுப்பிலேயே இருக்கக்கூடும். அதைப் பேஸ்ட் தீர்க்காது.

தூசியை மட்டும், எந்தத் திருகாணியையும் தொடாமலேயே நீக்கலாம். ஈராண்டு திறவாத ஒரு கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், விசிறியின் இதழ்களுக்குப் பின்னால், அலுமினியத் தகடுகளின் இடுக்குகளை முழுதும் அடைத்துக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பளித் துணியைப்போல் தூசி படிந்திருப்பதும், அதில் தலைமுடியும் நாய்முடியும் சாம்பிராணிக் கரியும் பின்னிக் கிடப்பதும் தெரியும். மின்சாரத்தை அணைத்து, இணைப்புக் கம்பிகளைப் பிடுங்கி, விசிறி இதழை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கையடக்கக் காற்றூதியால் ஊத வேண்டும். ஈரத்துணியும் வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது. இவ்வளவே பல கார்டுகளைக் காப்பாற்றப் போதும். விளையாட்டின் படவேகத்தை 60-க்கு வரம்பிடுவதும், மென்பொருளில் மின்சார அளவைச் சற்றுத் தாழ்த்துவதும் கார்டைத் திறக்காமலே செய்யத்தக்கவை.

இதற்குமேல் கையை வைக்குமுன் காகிதத்துக்கு வரவேண்டும். எல்லோரும் அலட்சியம் செய்யும் இடமும் இதுதான்.

இந்தியாவில் விற்கப்படும் கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. சிலவற்றில், வாங்கியபின் குறித்த காலத்துக்குள் நிறுவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் அது நீளும். அந்தப் பதிவைச் செய்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கார்டின் முதுகிலும் அட்டைப்பெட்டியின் பக்கத்திலும் ஒட்டியுள்ள சீரியல் நம்பர் இரண்டும் ஒன்றேதானா என்று பார்த்து, இரண்டையும் படம் எடுத்து, நிறுவனத்தின் வாரண்டிப் பக்கத்தில் அந்த எண்ணை இட்டுக் காலாவதித் தேதியைக் கண்டறிய வேண்டும். அடுத்தது பில். அதில் கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் தேதியும் கார்டின் மாதிரிப் பெயரும் சீரியல் நம்பரும் இருத்தல் வேண்டும். சீரியல் நம்பரை எழுதாமல் ‘கிராபிக்ஸ் கார்டு - 1’ என்று மட்டும் அச்சிட்டுத் தருவது வெகு சாதாரணமான தந்திரம். அந்த இடத்திலேயே நின்று எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பில் வாங்கியவர்களுக்கும் ஒரு விபத்து காத்திருக்கிறது. கடைகள் சிறு இயந்திரத்தில் அச்சிட்டுத் தரும் வழவழப்பான காகிதம், சூடு பட்டால் கறுக்கும் ரசாயனம் பூசப்பட்டது. நாட்பட நாட்பட எழுத்து வெளிறி, ஓராண்டில் பழுப்பும் வெண்மையுமாய் ஒன்றும் தெரியாமல் நின்றுவிடும். வாரண்டி கேட்கப் போகிறவர் தம் பர்ஸிலிருந்து கவனமாக மடித்த காகிதத்தை எடுத்து விரித்தால், மடிப்புக் கோடுகளைத் தவிர அதில் ஒன்றுமே இருப்பதில்லை. வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். ஒரு ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள். கடைக்காரரிடம் ஏ4 தாளில் வரிப் பில் கேட்பது இன்னும் நல்லது.

ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருகாணியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவது பொருந்தாது என அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2024 ஜூலையில் ஏஸ்ராக், ஜோடாக், கிகாபைட் ஆகிய நிறுவனங்களுக்கு எழுதி எச்சரித்தது உண்மை. அது அமெரிக்கச் சட்டம். அந்தக் கடிதத்தைக் கைப்பேசியில் காட்டிப் பெங்களூரு சர்வீஸ் சென்டரில் வாதாடலாம் என்று எண்ணும் பிள்ளைகள் ஏமாந்து திரும்புவார்கள். நம் நாட்டில் நுகர்வோர் ஆணையத்தின் முன் அந்த நிபந்தனையின் நியாயத்தைக் கேள்வி கேட்க இடமுண்டு. ஆனால் கேள்வி கேட்கும் நிலைக்கு உங்களை நீங்களே ஏன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்? வாரண்டி உள்ள கார்டைத் திறக்காதீர்கள்.

வாரண்டி உள்ளதெனத் தெரிந்தபின், கடைக்காரரிடம் மன்றாடிக்கொண்டிராமல், நிறுவனத்தின் இணையதளத்தில் முதலில் புகாரைப் பதிவு செய்து அதன் எண்ணைப் பெற வேண்டும். புகாரில் ‘ரொம்ப சூடாகிறது’ என்று எழுதுவதில் பிரயோஜனமில்லை. அறை உஷ்ணம் இவ்வளவு, மூடி திறந்த நிலையில் சிப்பின் உஷ்ணம் இவ்வளவு, ஹாட் ஸ்பாட் இவ்வளவு, இத்தனை நிமிடத்தில் வேகம் இவ்வளவாகக் குறைந்தது அல்லது திரை அணைந்தது என்று முன்பு குறித்த எண்களை எழுதித் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) இணைக்க வேண்டும். அளந்து எழுதியவனுக்குக் கிடைக்கும் மரியாதை புலம்பியவனுக்குக் கிடைப்பதில்லை. 2022 டிசம்பரில் வெளிவந்த ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகளுள் சில, வெளிவந்த சில நாட்களிலேயே 110 டிகிரியைத் தொட்டு வேகம் குன்றின. உலகெங்கும் வாங்கியவர்கள் எண்களோடு முறையிட்டார்கள். குளிர்விக்கும் உலோக அறைக்குள் இருக்க வேண்டிய நீர் போதாத அளவில் ஒரு தொகுதி வெளிவந்துவிட்டதென்று 2023 ஜனவரியில் நிறுவனமே ஒப்புக்கொண்டு, மாற்றித் தர இசைந்தது.

சர்வீஸ் சென்டரில் கார்டை ஒப்படைக்கும் அந்தப் பத்து நிமிஷம் மிக முக்கியமானது. கொடுப்பதற்கு முன், கார்டின் இரு பக்கங்களையும், தங்கநிறப் பற்கள் உள்ள விளிம்பையும், மின்சார இணைப்பு முனையையும், திருகாணி ஸ்டிக்கரையும், சீரியல் நம்பரையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் சீரியல் நம்பர் சரியாக உள்ளதா, ‘பிசிக்கல் டேமேஜ் இல்லை’ என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். குறிக்காவிட்டால் குறிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த மேஜையிலிருந்தே நிறுவனத்துக்குப் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு எழுந்திருங்கள். இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பத்து நாள் கழித்துத் தொலைபேசியில், “சார், கார்டுல பிசிக்கல் டேமேஜ் இருக்கு, வாரண்டி வராது” என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடும் வழக்கம் இந்தத் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. எங்கே சேதம், என்ன சேதம், எப்போது ஏற்பட்டது என்று கேட்டால் பதில் வராது. அப்போது கோபப்பட்டுக் கார்டைப் பறித்துக்கொண்டு வருவது, அவர்கள் விரும்புவதையே செய்வதாகும். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால், ‘இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி மறுத்தீர்கள், எழுத்துமூலம் காரணம் தரக் கோருகிறேன்’ என்று நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள். வாய்மொழி மறுப்பு காற்றில் போய்விடும்.

மாற்றுக் கார்டு தந்தால், அது புதியதா, பழுதுபார்க்கப்பட்டதா என்று கேட்டு, அதன் புதிய சீரியல் நம்பரைத் திருப்பித் தரும் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பழைய பில்லில் பழைய எண்ணும், கையில் புது எண்ணும் இருக்கும் நிலையில், அடுத்த முறை பழுது வந்தால் உங்கள் கார்டே உங்களுடையதல்ல என்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு மறுத்தால், சட்டத்துக்குப் போகலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தர மறுப்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காத பட்சத்தில் முப்பது நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்றே வகைப்படுத்துகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் கண்டு தலை கவிழ வேண்டிய அவசியம் இல்லை.

முதற்படி 1915. இது தேசிய நுகர்வோர் உதவி எண்; தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள். பல வேளைகளில் இதற்கே நிறுவனம் இறங்கிவரும். ஆனால் இது நீதிமன்றமல்ல, உத்தரவு போடும் அதிகாரமும் இதற்கில்லை. புகார் ‘முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததும் எல்லாம் போய்விட்டதென்று மலைத்து உட்காருபவர்கள் ஏராளம். அந்தப் புகார் எண் அடுத்த படிக்கு ஒரு சாட்சி, அவ்வளவே. ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு: 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். அவருடைய பெயரும் முகவரியும் தளத்தில் எங்கோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பிடியுங்கள்.

இரண்டாம் படி நோட்டீஸ். வக்கீல் தேவையில்லை. வாங்கிய தேதி, விலை, சீரியல் நம்பர், பழுது, கொடுத்த தேதி, மறுத்த காரணம் ஆகியவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பதினைந்து நாளில் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ வேண்டுமென்று கேட்டு, விற்ற கடைக்கும், பெட்டியில் அச்சிட்ட இறக்குமதியாளருக்கும், நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பட்டுவாடா ஆன விவரத்தைத் தபால் துறையின் தளத்திலிருந்து அச்செடுத்து ரசீதோடு சேர்த்து வையுங்கள். இறக்குமதியாளரை விட்டுவிடக் கூடாது; கடை மூடிப்போனாலும் அவர் அகப்படுவார்.

மூன்றாம் படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை ஐம்பது லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கேதான் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. நிறுவனம் மும்பையில் இருக்கிறது, டில்லியில் இருக்கிறது என்று தயங்கவேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019-இன் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மர்பி டவுன்காரர் பெங்களூரு நகர மாவட்ட ஆணையத்தை நாடலாம். நகரிலுள்ள ஆணையங்களுள் சில சாந்திநகர் பி.எம்.டி.சி. கட்டடத்தில் இயங்குகின்றன. போகாமலேயும் தாக்கல் செய்யலாம்: 2025 ஜனவரி 1-இல் தொடங்கிய இ-ஜாக்ருதி தளத்தில் மனுவையும் இணைப்புகளையும் ஏற்றலாம்.

இணைப்புகளை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று குறைந்தாலும் மனு திரும்பக்கூடும். தேதிவாரியாக நடந்ததை எண்ணிட்ட பத்திகளில் சொல்லும் மனு; அதிலுள்ளவை உண்மை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம்; பில்; வாரண்டி அட்டை அல்லது வாரண்டிப் பக்கத்தின் அச்சு; ஜாப் ஷீட்; மறுப்புக் கடிதம் அல்லது அதைக் கேட்டு நீங்கள் எழுதிய மின்னஞ்சல்; 1915 புகார் எண்; நோட்டீசும் அதன் தபால் ரசீதும்; ஆதார் முதலிய முகவரிச் சான்று. உஷ்ண எண்களைக் காட்டும் திரைப்பிடிப்புகளும் வாட்ஸ்அப் உரையாடல்களும் மின்னணுச் சாட்சியம் ஆதலால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் அவற்றோடு இணைப்பது நல்லது. பிரமாணப் பத்திரத்தையும் இந்தச் சான்றிதழையும் மறந்துவிட்டு வாய்தா மேல் வாய்தா வாங்கி அலைகிறவர்கள் அநேகர். எதிர்த்தரப்பு பதில் சொல்ல முப்பது நாளும், மேற்கொண்டு பதினைந்து நாளும் உண்டு. மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடப்பில் அந்தக் காலவரம்பை நம்பிக் காலண்டரில் குறித்துக்கொள்பவர் ஏமாற்றமடைவார். ஆணையங்களில் காலியிடங்களை உரிய நேரத்தில் நிரப்பாத அரசாங்கங்கள், சட்டத்தில் மட்டும் மூன்று மாதம் என்று எழுதிவைத்துத் திருப்தியடைந்துவிட்டன. எனினும் தீர்ப்பு வந்தபின் அதை நிறைவேற்றாத நிறுவனத்துக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72-ஆம் பிரிவு இடம் தருகிறது.

காலக்கெடு இரண்டாண்டு. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. வாரண்டி முடிந்த நாளிலிருந்து அல்ல. ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பழக்கத்துக்குச் சட்டம் இரக்கம் காட்டாது. இன்னொரு தடை: கார்டை வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். வீட்டில் விளையாட வாங்கியவருக்குக் கவலையில்லை. தன் ஜீவனத்துக்காகத் தானே உழைக்கும் சுயதொழில் செய்பவருக்கும் சட்டம் விலக்கு அளிக்கிறது. கேமிங் கடை நடத்துபவர்தான் இதில் சிக்குவார்.

மேற்சொன்ன அத்தனையும் பில் இருந்தால்தான். இதை மறுபடியும் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். கேட்காமல் போய்விடுவார்களோ என்ற அச்சத்தால் சொல்கிறேன். பதினெட்டு சதவீதத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து, மூன்றாண்டு வாரண்டியையும், 1915-ஐயும், ஆணையத்தையும் அந்தக் கடை வாசலிலேயே தானம் செய்துவிட்டு வருகிறீர்கள். பெட்டியையும் புரட்டிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருஷம், புகாருக்கான தொடர்பு ஆகியவை அதில் அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாத பெட்டி பின்வாசல் வழியாக வந்த சரக்கு. அதற்கு இந்தியாவில் வாரண்டி தர எவரும் இல்லாமற் போகலாம். இதைச் சோதிக்க வேண்டிய எடையளவுத் துறையினர் எஸ்.பி. ரோட்டில் எப்போதாவது நடந்து பார்த்தால், சீட்டில்லாப் பெட்டிகளைத் தேடி அலைய வேண்டியிராது; அலமாரியிலேயே அடுக்கியிருக்கும்.

பழைய கார்டு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-இல் எதேரியம் என்னும் மின்நாணயம், கணினிகளால் தோண்டியெடுக்கும் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அதைத் தோண்டுவதற்காக இரவுபகலாக எரிந்த கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. அவற்றுள் பல துடைத்து மினுக்கி ‘கொஞ்சம்தான் ஓட்டினது’ என்று கைமாறிக்கொண்டிருக்கின்றன. முதல் பில்லின் நகல் இல்லாமலும், அரைமணி நேரம் உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டாமலும் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வாரண்டி முடிந்துபோன கார்டானால், இப்போது திருப்புளியை எடுக்கலாம். அல்லது கைதேர்ந்த ஒருவரிடம் பேஸ்ட்டும், வெப்பம் கடத்தும் பேடும், விசிறியும் மாற்றச் சொல்லலாம். செலவு பெரும்பாலும் புதுக் கார்டின் விலையில் சிறு பங்கே ஆகும். கார்டை அடுப்பில் வைத்துச் சுடுவது, சூடான காற்றால் பொசுக்கிச் சிப்பை ‘ரீஃப்ளோ’ செய்வது என்னும் வித்தைகளுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். நாலு நாள் ஓடும், பிறகு மொத்தமாகப் போகும். பழுதுபார்க்கும் கூலி, அதே வலிமையுள்ள கார்டின் இன்றைய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். புள்ளியும் கோடும் திரையில் சிதறும் கார்டையும், கருகிய நாற்றம் வந்த கார்டையும் விட்டுவிடுங்கள். என்விடியா தன் ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை 2025 அக்டோபருடன் நிறுத்திக்கொண்டது; அவ்வரிசைக் கார்டுக்குப் பெரும்பணம் செலவழிப்பதில் பொருளில்லை. புதியது எப்போதும் அதிகம் கொதிக்கும் என்பதும் தவறு: ஆர்.டி.எக்ஸ். 3060 உண்பது 170 வாட். அதற்கடுத்த தலைமுறையின் 4060 உண்பது 115 வாட். ஷீட் அறையில் இருப்பவருக்கு அந்த 55 வாட் வித்தியாசம் அறைக்குள் கொட்டாமல் தப்பிய வெப்பம்.

பெரிய கார்டுகளை வாங்குபவர்கள் மின்சார முனையைக் கவனிக்க வேண்டும். 2022 அக்டோபரில் ஆர்.டி.எக்ஸ். 4090 வெளிவந்தவுடன், அதன் பன்னிரண்டு வோல்ட் முனைகள் சில உருகின; முனையை முழுதும் அழுத்திச் செருகாததே பெரும்பாலான சம்பவங்களின் காரணம் என்று நிறுவனம் அறிவித்தது. பிளக்கின் கழுத்துக்கும் கார்டுக்கும் இடையே நூலளவு இடைவெளியும் தெரியாதவரை அழுத்துங்கள். உருகிய நாற்றம் வந்தால் சுவிட்சை அணைத்து, எதையும் பிடுங்காமல், இருந்தபடியே படம் எடுங்கள். பிடுங்கி எறிந்தபின் சாட்சி இல்லை.

செத்த கார்டைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் அது போகவேண்டும். பழைய இரும்புக்காரர் அதைச் சந்து முனையில் கொளுத்தித் தாமிரம் எடுப்பார், அந்தப் புகை உங்கள் வீட்டு மாடிக்கே ஏறும். ஆனால் வாரண்டி வழக்கு நடந்துகொண்டிருந்தால், தீர்ப்பும் மேல்முறையீட்டுக் காலமான 45 நாளும் முடியும்வரை, கார்டும் அதன் அட்டைப்பெட்டியும் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்; ஆணையம் அதைக் கேட்கலாம்.